அலைக்கு ஆள் அழைத்த கதை

கல்யாணமாகி நான் தாராவிக்கு வந்த புதிதில் என் வீட்டுக்காரர் டிராம்பே துறையில் ஒரு சேட்டின் மோட்டார் படகை ஓட்டிக்கொண்டிருந்தார். ஊருக்கு எழுதும்போது 'கப்பல் வேலை' என்றுதான் எழுதுவார். கப்பலும் இல்லை, வேலையும் நிச்சயமில்லை. கூப்பிட்ட நாளைக்குக் கூலி, அவ்வளவுதான். மழைக்காலம் வந்தால் படகைக் கரையேற்றித் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். அதற்குள் சேட் இவரைப் 'பக்கா' ஆக்கிவிட்டால், அதாவது மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டால், நாங்கள் பம்பாயில் இருப்போம். இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு திருநெல்வேலிப் பக்கம் போய், மாமியார் வீட்டு அடுப்படியில் நாலு மருமகள்களில் கடைசியாக நான் நிற்க வேண்டும். அந்த வருஷம் எனக்கு இருந்த கவலை இது ஒன்றுதான். தண்ணீர்க் குழாய்ச் சண்டையும் தோல் கிடங்கு நாற்றமும் அதற்குள் பழகிப்போயிருந்தன.

சேட்டுக்கு இளவயசு. வெளிநாடு போய் வந்தவர், வரும்போது ஒரு பலகையைக் கொண்டுவந்திருந்தார். ஆளைவிட உயரம், வழவழவென்று, கல்யாணப் பந்தி இலை மாதிரி ஒரு முனை கூம்பியிருக்கும். அதன்மேல் நின்றுகொண்டு, படகுக்குப் பின்னால் கிளம்புகிற அலையில் சறுக்கிக்கொண்டே வரவேண்டுமாம். முதலில் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொள்வது, பிறகு கயிற்றை விட்டுவிட்டு அலை தள்ளுகிற தள்ளலிலேயே வருவது. அங்கே யாரோ அப்படி வந்ததைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். இங்கே சேட்டின் படகோ பழைய மரப்படகு. அதன் பின்னால் எழுந்தது அலையே இல்லை, துணி துவைத்த நுரை. பலகையில் ஏறுவார், கயிற்றை விடுவார், பொத்தென்று விழுவார், நீந்தி வந்து என் வீட்டுக்காரரைத் திட்டுவார்.

புதுப் படகு வாங்கலாமே என்று யார் சொல்வது? பலகைக்குக் கொட்டிக் கொடுத்த கை படகு என்றதும் மூடிக்கொண்டது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற மனுஷர். "செலவில்லாமல் அலையைப் பெரிசாக்கு. மழைக்கு முன்னால் செய்துவிட்டால் உன்னைப் பக்கா ஆக்குகிறேன்" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து நான் துணி ஊறவைக்கிற தகரத் தொட்டி இவருடைய ஆராய்ச்சிக்குப் போய்விட்டது. சோப்புப் பெட்டிதான் படகு. அதில் நூலைக் கட்டி, தொட்டியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு இழுப்பார். வேகமாக இழுத்தால் பெட்டி தலையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்மேல் ஓடிவிடும், பின்னால் ஒன்றும் எழாது. மெதுவாக இழுத்தால் ஒரு மடிப்பு எழும். பெட்டியின் பின்பக்கம் கொஞ்சம் புளியங்கொட்டை போட்டால் மடிப்பு இன்னும் உயரும். கொட்டைகளையெல்லாம் ஒரே மூலைக்கு ஒதுக்கினால் அந்தப் பக்கத்து மடிப்பு மட்டும் நுரையில்லாமல் அழகாக எழுந்து வரும்.

"பாத்தியாட்டி? பாரந்தான் சங்கதி. பின்னாடி இருக்கணும், ஒரு பக்கமா இருக்கணும்."

"அப்பம் பாரத்த ஏத்த வேண்டியதுதானங்க?"

"என்னத்த ஏத்த? சேட்டு சல்லிக்காசு தரமாட்டேங்காரு."

துறையோரம் சும்மா கிடந்த கருங்கற்களை ஏற்றிப் பார்த்தார். அலை கொஞ்சம் உயர்ந்தது, ஆனால் கல் உருண்டு படகின் வார்னிஷைக் கீறிவிட்டது. சாக்கில் மணல் அள்ளிப் போட்டார். சாக்கு நனைந்து பிரிந்து, மணல் அடித்தட்டில் இறங்கி, தண்ணீர் இறைக்கிற பம்பை அடைத்துக்கொண்டது. பழைய டிரம்மில் கடல் தண்ணீரை நிரப்பினார். அரை டிரம் தண்ணீர் படகு ஆடின பக்கமெல்லாம் ஓடியது, முழு டிரம் கட்டிய கயிற்றை அறுத்துக்கொண்டு சேட் உட்காருகிற இருக்கையை உடைத்தது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு திட்டு வாங்கிக்கொண்டு வந்தார். வைகாசி வேறு பிறந்துவிட்டது. மேகத்தைப் பார்த்தாலே ஊருக்குக் கட்ட வேண்டிய மூட்டையை நான் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

ஒருநாள் சிரித்த முகத்தோடு வந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை சேட்டின் சிநேகிதர்கள் வருகிறார்களாம், நம்மாட்களையும் படகில் ஏற்றிக் கடலைச் சுற்றிக்காட்டச் சேட் சம்மதித்துவிட்டாராம். "நம்ம சந்துல ஒரு அஞ்சாறு பொம்பளையாளைக் கூப்பிட்டுருவோம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம், புருஷன் வேலை செய்கிற இடத்தை நானே பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் ஆள் அழைப்பதற்கு ஒரு முறை உண்டு. புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய், வாசலில் நின்று, குங்குமத்தை நீட்டி, "வந்துரணும்" என்று சொல்ல வேண்டும். குழாயடியில் பார்த்துச் சொன்னால் வரமாட்டார்கள், வந்தாலும் சாகும்வரை சொல்லிக்காட்டுவார்கள். ஆகவே குங்குமச் சிமிழோடு இவர் பின்னால் நானும் போனேன். ஒரு சுவர் தடுத்த பக்கத்துவீட்டுத் தையல்காரர் பெண்டாட்டியை விட்டுவிட்டுச் சந்தின் கோடி வீட்டுக்கு நடந்தார். "என்னங்க, இவளை விட்டுட்டமே" என்றேன். "வா, சொல்லுதேன்" என்றார், சொல்லவில்லை. தையல்காரர் பெண்டாட்டி ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பாள். நாங்கள் அழைத்த ஐந்து பேரும் நல்ல வாட்டசாட்டம். இதைப் படிக்கிறவர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். இவர் அழைத்தது எடை பார்த்து. குங்குமச் சிமிழைத் தூக்கிக்கொண்டு நடந்த எனக்குத்தான் விளங்கவில்லை.

கோடி வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர் தோல் கிடங்கில் மேஸ்திரி. பம்பாய்க்கு வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் வந்த புதிதில் அடுப்பு வாங்கும்வரை எனக்குச் சோறு போட்டது அந்த வீடுதான். என் 'பக்கா' கவலையை அன்றாடம் கேட்டுக்கொண்டிருந்ததும் அக்காதான். பெரிய உடம்பு. எங்கள் சந்தில் அக்கா வந்தால் எதிரே வருகிறவர்கள் யார் வாசலிலாவது ஏறி நிற்க வேண்டும். குழாயடியில் மராட்டிப் பெண்கள் 'மோட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள், அதாவது தடிச்சி. அக்கா காதில் விழாதது மாதிரி குடத்தை நிரப்புவாள். பஸ்ஸில் ஒருதரம் கண்டக்டர் "ரெண்டு டிக்கெட் எடு" என்றானாம், அதிலிருந்து பஸ் ஏறுவதில்லை. மாட்டுங்காவில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை, தலைவலி என்று சொல்லி வீட்டில் இருந்துகொண்டாள். எனக்கு அது தெரியும். இவருக்கும் தெரியும்.

"நான் எதுக்குட்டி, இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு? நீங்க சின்னஞ்சிறுசுவ போய்ட்டு வாங்க."

"மதினி, நீங்க வரலன்னா போட்டே கெளம்பாது" என்றார் இவர்.

அக்கா என்னைப் பார்த்தாள். குங்குமத்தைப் பார்த்தாள். முகம் மெல்லச் சிவந்தது. "இம்புட்டுத் தூரம் மொறையா வந்து கூப்பிடுதீய. வராம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று குங்குமத்தைத் தொட்டு வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சந்து கல்யாண வீடாகிவிட்டது. ஐந்து பேரும் பட்டுப்புடவை. தலைகொள்ளாத பூ. நான் ஒரு தூக்குச்சட்டி நிறையப் புளியோதரை கிளறியிருந்தேன். முதன்முதலாக ஒருவர் இடத்துக்குப் போகும்போது வெறுங்கையோடு போகலாமா? ஒருத்தி பழம் வாங்கினாள், ஒருத்தி தேங்காய். அக்கா இரண்டு நாள் உட்கார்ந்து முந்திரிக்கொத்து சுட்டு, ஒரு தகர டின் நிறைய அடுக்கிக் கொண்டுவந்தாள். பாசிப்பயறு வறுத்து, பாகு காய்ச்சி, மாவில் தோய்த்து எடுக்கிற வேலை அது, லேசில்லை. பஸ்ஸே ஏறாத அக்கா அன்றைக்கு ஏறினாள், கண்டக்டர் அவளுக்கு இரண்டு டிக்கெட் எடுக்கச் சொல்லிவிடுவானோ என்று எனக்குப் பயம். நல்லவேளை, இவர் கண்டக்டரை அந்தப் பக்கம் பேச்சில் இழுத்துக்கொண்டார்.

துறையில் சேட்டும் அவருடைய சிநேகிதர்கள் சிலரும் அரைக்கால் சட்டையோடு நின்றிருந்தார்கள். நாங்கள் வரிசையாகப் போய்க் கைகூப்பினோம். சேட் கைகூப்பவில்லை. ஒவ்வொருவரையும் மேலும் கீழும் பார்த்தார், சந்தையில் ஆட்டைப் பார்ப்பதுபோல. பிறகு விரலை நீட்டிக்கொண்டே போனார். நீ அங்கே, நீ இங்கே. அக்காவிடம் வந்ததும் சிநேகிதர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "மோட்டி பீச்சே. ஏக்தம் கோனே மே" என்றார். தடிச்சி பின்னால், மூலையிலேயே உட்காரட்டும்.

இவர் உடனே திரும்பி, "மதினி, ஒங்களுக்கு நல்ல எடமாப் பாத்துக் குடுக்கச் சொல்லுதாரு. பின்னாடி மூலையிலதான் காத்து நல்லா வரும்" என்றார்.

எனக்குப் பெரிய இந்தி தெரியாது. ஆனால் 'மோட்டி' என்ற சொல் தினமும் குழாயடியில் கேட்கிற சொல். இவருடைய முகத்தைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை, கயிற்றை அவிழ்ப்பதுபோல் குனிந்துகொண்டார். அந்தக் குனிதலிலேயே எல்லாம் புரிந்துவிட்டது. தையல்காரர் வீட்டை ஏன் விட்டார், கல்லுக்கும் மணலுக்கும் டிரம்முக்கும் பிறகு எதை ஏற்றுகிறார், எல்லாம்.

எல்லோரும் படகில் ஏறியதும் கடைசியில் சேட் என்னைப் பார்த்தார். நான் அப்போது ஒட்டடைக்குச்சிக்குத் தங்கச்சி. "இது எதுக்கு? இறங்கச் சொல்லு" என்று கையை உதறினார். கூப்பிட்டவள் நான். என் விருந்தாட்கள் படகில் இருக்க, நான் தூக்குச்சட்டியோடு துறைக்கல்லில் இறங்கி நின்றேன்.

இன்னும் ஒன்று பாக்கியிருந்தது. படகு கிளம்புமுன் அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கற்பூரக் கட்டியை எடுத்தாள், தீப்பெட்டியையும் எடுத்தாள். புதிதாக ஒன்றில் ஏறினால் கற்பூரம் காட்டாமல் புறப்படுவோமா? அவள் குச்சியை உரசப் போனதும் சேட் அலறிவிட்டார். பக்கத்தில் பெட்ரோல் டின்கள். இவர் பாய்ந்து தீப்பெட்டியைப் பிடுங்கிக் கடலில் எறிந்தார். சிநேகிதர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்கா கற்பூரத்தை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு, சொன்ன மூலையில் போய் உட்கார்ந்தாள். படகு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது.

துறைக்கல்லில் நின்று நான் பார்த்தேன். அந்தப் பக்கம் எண்ணெய் ஆலைகளின் புகைபோக்கிகள், இந்தப் பக்கம் மீன் காயப்போட்ட கோலி மீனவப் பெண்கள், நடுவில் பட்டுப்புடவைகளை ஏற்றிக்கொண்டு ஒருக்களித்துப் போகிற படகு. பின்னால் கயிற்றில் சேட். முதல் சுற்றில் அலை எழவில்லை. சேட் விழுந்தார். கையை ஆட்டி என்னவோ கத்தினார். இவர் திரும்பி, பெண்களை இன்னும் நெருங்கி மூலைக்கு வரச் சொல்வது தெரிந்தது. அவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். தண்ணீர் விளிம்பில் ஏறி அக்காவின் மடியில் அடித்தது.

அப்போது நான் என்ன நினைத்தேன் என்பதை எழுதத்தான் இத்தனை நாள் கூச்சப்பட்டேன். அவர்களை இறக்கிவிடு என்று நான் நினைக்கவில்லை. மேகம் கறுத்திருந்தது. இன்றைக்கு அலை எழாவிட்டால் இவர் பக்கா ஆகமாட்டார், நாங்கள் ஊருக்குப் போக வேண்டும். அக்கா இன்னும் கொஞ்சம் கனமாக இருக்கக் கூடாதா என்று நினைத்தேன். சும்மா நினைக்கவில்லை, சாமியை வேண்டிக்கொண்டேன். எனக்குச் சோறு போட்ட உடம்பு அது. அதை நானும் சேட்டைப் போலவே நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சுற்றோ நாலாவதோ, அலை எழுந்தது. தொட்டியில் சோப்புப் பெட்டி காட்டியது அப்படியே வந்தது. அக்கா உட்கார்ந்திருந்த மூலைக்குப் பின்னால் தண்ணீர் நுரையில்லாமல், பச்சையாக, இடுப்பளவு எழுந்து, உடையாமல் படகோடு கூடவே வந்தது. சேட் கயிற்றை விட்டார். விழவில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு துறைக்கு எதிரே சறுக்கிக்கொண்டு போனார். சிநேகிதர்கள் விசிலடித்தார்கள். கோலிப் பெண்கள்கூட மீனை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நான் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினேன். தட்டின பிறகுதான் என் கையைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது.

படகு திரும்பி வந்தபோது ஐந்து பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். பூவெல்லாம் பிய்ந்து கழுத்தில் ஒட்டியிருந்தது. ஒருத்தி வாந்தி எடுத்திருந்தாள். அக்காவின் அரக்குப் பட்டு சாயம் இறங்கி, அவள் உட்கார்ந்திருந்த பலகை சிவந்து கிடந்தது. ஏறும்போது யாரும் கை கொடுக்கவில்லை, இறங்கும்போது நான் கொடுத்தேன். அக்கா பிடித்துக்கொள்ளவில்லை. படகு விளிம்பைப் பற்றித் தானே இறங்கினாள்.

சேட்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவர் தோளில் தட்டி, அடுத்த ஞாயிறும் இதே ஆட்களைக் கூட்டிக்கொண்டு வா என்றார். அக்காவைக் காட்டி, "யே மோட்டி தோ சோனா ஹை" என்றார். இந்தத் தடிச்சி தங்கம்.

இவர் அக்காவிடம் திரும்பினார். "மதினி, நீங்க வந்தது ரொம்பச் சந்தோஷம்னு..."

"இரிங்க தம்பி" என்றாள் அக்கா. இவரைத் தாண்டிப் போய்ச் சேட்டின் எதிரே நின்றாள். பதினைந்து வருஷம் பம்பாயில் இருந்தவளுக்கு இந்தி தெரியாமலா இருக்கும்? அதை இவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. என் வீட்டுக்காரர் பேசுவதைவிடத் தெளிவான இந்தியில், குரலை உயர்த்தாமல் சொன்னாள். "அக்லே இத்வார் பீ ஆவூங்கி சேட். லேகின் இஸ்கோ பக்கா கரோ." அடுத்த ஞாயிறும் வருகிறேன், ஆனால் இவனைப் பக்கா ஆக்கு. "இவனிடம் தனியாகச் சொன்னால் போதாது. இதோ, உன் சிநேகிதர்கள் முன்னால் சொல்லு."

சேட் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் நின்றார். சிநேகிதர்கள் அவருடைய முகத்தைப் பார்த்தார்கள். "டீக் ஹை, டீக் ஹை. பக்கா" என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்.

அக்கா முந்திரிக்கொத்து டின்னை அவர் கையில் கொடுத்தாள். "வெறுங்கையோடு வந்தோமென்று இருக்கக் கூடாது" என்று அதையும் இந்தியிலேயே சொன்னாள்.

திரும்பும்போதும் பஸ்தான். புளியோதரை தூக்குச்சட்டியில் அப்படியே இருந்தது. ஈரப்புடவையோடு அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள், நான் பக்கத்தில். கண்டக்டர் வந்ததும் அக்காவே தன் ஒருத்திக்கென்று காசை நீட்டி, "ரெண்டு" என்றாள். நான் அழுதுவிட்டேன்.

"எதுக்குட்டி அழுத? வேல கெடச்சிட்டுல்லா."

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா எனக்குத் தெரியாது."

"ஒனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். ஒன்னய எறக்கிவிட்டப்பம் ஒம் மூஞ்சியப் பாத்தேன்லா." ஈர முந்தானையைப் பிழிந்தாள். "தம்பி வந்து, 'மதினி, பாரத்துக்கு ஆள் வேணும், ஒக்காருங்க'ன்னு கேட்டிருந்தா நான் வரமாட்டேன்னா சொல்லிருப்பேன்? பழைய சீலையக் கட்டிட்டு வந்திருப்பேன். அம்புட்டுதான்."

நான் கைதட்டியதை அவள் படகிலிருந்து பார்த்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை தெரியாது.

சொன்ன சொல் தவறாமல் மழை தொடங்கும்வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா பழைய சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். எந்த மூலை என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவளே போய் உட்கார்ந்துகொள்வாள். சேட்டும் நாளாவட்டத்தில் 'மோட்டி' என்பதை விட்டுவிட்டு மரியாதையாக 'பாயி', அதாவது அம்மா, என்று கூப்பிட ஆரம்பித்தார். இவர் பக்கா ஆனார், நாங்கள் பம்பாயில் தங்கினோம். வீட்டில் இவரை நான் கேட்கிற கேள்வியெல்லாம் கேட்டேன். "நான் எப்படிட்டி அதை வாயால சொல்லுவேன், வெக்கமா இருந்துச்சு" என்றார். உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு ஊரையே வெட்கப்பட வைக்கிற ரகம் இவர். அவரைச் சொல்லி என்ன, நான் வேண்டிக்கொண்டதை அவரிடம்கூட நான் சொல்லவில்லை.

அக்கா எங்களோடு பேச்சை நிறுத்தவில்லை. குழம்பு கொடுத்தால் வாங்கிக்கொண்டாள், கொடுத்தும் அனுப்பினாள். எல்லாம் முன்போலத்தான் இருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன். மறு வருஷம் எனக்கு மூத்தவள் பிறந்தாள். தொட்டிலிட நாள் பார்த்து, முறைப்படி அழைக்க இவரும் நானும் குங்குமச் சிமிழோடு முதலில் கோடி வீட்டு வாசலில்தான் போய் நின்றோம். குழந்தை என் தோளில் தூங்கியது. "அக்கா, கண்டிப்பா வந்துரணும்" என்றேன்.

அக்கா குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். குழந்தையின் காலைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டாள். சிரித்த முகமாகத்தான் இருந்தாள்.

"வாரேன்ட்டி, வராம என்ன? எங்கன உக்காரணும்னு மட்டும் இப்பமே சொல்லிரு."